ஒரே எபிசோடில் இரண்டு உலகம்: ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ முதல் சீசனைப் புரிந்துகொள்வது எப்படி

‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்ற அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோடு தொடங்கும்போது ஸ்னோ ஒயிட் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். இளவரசன் குதிரையில் வந்து முத்தமிட, கண் விழிக்கிறாள். வழக்கமாகக் கதை முடிகிற இடம் அது. இங்கே சில நிமிடங்களிலேயே அது முடிந்து, கல்யாணம் நடக்கிறது. மண்டபத்துக்குள் பொல்லாத ராணி வருகிறாள், உங்கள் எல்லோருடைய சந்தோஷத்தையும் பறிப்பேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போகிறாள். அடுத்த காட்சி பாஸ்டன் நகரம், நம் காலம். ஜாமீனில் வந்து தலைமறைவானவர்களைப் பிடித்துக் கொடுக்கும் எம்மா ஸ்வான், அன்றைய வேட்டையை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு அன்று 28ஆவது பிறந்தநாள். ஒற்றைக் கப்கேக்கில் மெழுகுவத்தியை ஏற்றி ஊதுகிறாள். காலிங் பெல் அடிக்கிறது. வாசலில் நிற்கும் 10 வயதுப் பையன், அவள் பெற்றுத் தத்துக் கொடுத்துவிட்ட மகன் ஹென்றி.

புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். எது முன்னால் நடந்தது? இரண்டும் ஒரே கதையா? அடுத்த வாரம் வரும் சிண்டரெல்லாவுக்கு இதில் என்ன வேலை? இந்தத் தொடரில் பழைய கதை கால வரிசையில் வராது, தேவை வரிசையில்தான் வரும். அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அது எப்படி இயங்குகிறது என்பதை முதல் சீசனை வைத்துப் பார்க்கலாம். முடிவு உட்படப் பல ரகசியங்களைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு எபிசோடுகளையாவது பார்த்துவிட்டு வருவது நல்லது.

சீசன் என்றால் என்ன கணக்கு?

நம் வீட்டு மெகா சீரியலுக்கு முடிவுத் தேதி கிடையாது. ரேட்டிங் இருக்கும்வரை ஓடும், விழுந்தால் கல்யாணத்தைப் பண்ணிவைத்து மூடிவிடுவார்கள். அமெரிக்க சேனல்களின் கணக்கு வேறு. செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி மே மாதத்தில் முடிவது ஒரு சீசன். வாரம் ஒரு எபிசோடு, ஒரு மணி நேர ஸ்லாட். விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது 43 நிமிடம். டிசம்பரில் விடுமுறை விடுவார்கள். புதுத் தொடர் என்றால் முதலில் 13 எபிசோடுக்கு ஆர்டர் கொடுப்பதும், வரவேற்பு நன்றாக இருந்தால் இன்னும் 9 சேர்த்து 22 ஆக்குவதும் அந்தக் கால வழக்கம்.

‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ ஏபிசி சேனலில் 2011 அக்டோபர் 23 அன்று தொடங்கியது. முதல் சீசனின் 22ஆவது எபிசோடு 2012 மே 13 அன்று வந்தது. மொத்தம் 7 சீசன், 155 எபிசோடு ஓடி 2018 மே மாதம் முடிந்தது. உருவாக்கியவர்கள் எட்வர்டு கிட்சிஸ், ஆடம் ஹொரோவிட்ஸ். இருவரும் அதற்கு முன் ‘லாஸ்ட்’ தொடரின் எழுத்தாளர்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு பாத்திரத்தின் ஃப்ளாஷ்பேக்கைப் பிரித்துக் காட்டும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ‘லாஸ்ட்’ கதையில் விழுந்து நொறுங்கும் விமானத்தின் எண் 815. இந்தத் தொடரில் ஊர் மணிக்கூண்டுக் கடிகாரம் 8:15இல் நின்றுபோயிருக்கிறது. கண்டுபிடிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று வைத்த குறும்பு.

சீசனுக்கு ஒரு முதுகெலும்புக் கேள்வி வேண்டும், அதற்குக் கடைசி எபிசோடில் பதில் வந்தாக வேண்டும். இந்தச் சீசனின் கேள்வி, ராணி போட்ட சாபம் உடையுமா என்பது. அதன் வயிற்றுக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: சாபம் என்று ஒன்று இருப்பதையே, ஸ்னோவின் மகளான எம்மா நம்புவாளா? கதையை உண்மையில் நகர்த்துவது இந்த இரண்டாவது கேள்விதான். நமக்கு முதல் எபிசோடிலேயே உண்மை தெரியும். அவளுக்குத் தெரிய 22 எபிசோடு ஆகிறது.

சாபத்தின் சட்டதிட்டங்கள்

மாயக் கதையில் எது நடக்கும், எது நடக்காது என்று எல்லை போடாவிட்டால் பார்ப்பவருக்குப் பதற்றமே வராது. எந்தச் சிக்கலுக்கும் மந்திரக்கோலை எடுத்துவிடலாமே. இந்தத் தொடர் எல்லைகளைத் தெளிவாகப் போட்டிருக்கிறது.

ராணி போடும் சாபம், மந்திரக் காடு என்ற கதை உலகத்தில் இருந்தவர்களைத் தூக்கி அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள ஸ்டோரிப்ரூக் என்ற கற்பனை ஊரில் போடுகிறது. இங்கே மந்திரம் வேலை செய்யாது. ஒருவருக்கும் தான் யார் என்று நினைவில்லை. காலம் உறைந்துவிட்டதால் யாருக்கும் வயதாவதில்லை. ஊரைவிட்டு வெளியேறப் பார்த்தால் விபத்து நடக்கும். சாபத்தைப் போட ராணி கொடுக்கும் விலை, தான் மிகவும் நேசிக்கும் உயிரின் இதயம். இரண்டாவது எபிசோடில் அவள் பலி கொடுப்பது தன் சொந்தத் தந்தையை. அவர் பெயரும் ஹென்றி என்பதைக் கவனித்தால், தத்தெடுத்த பையனுக்கு அவள் ஏன் அந்தப் பெயரை வைத்தாள் என்பது புரியும்.

காலம் உறைந்திருப்பதன் விளைவை நான்காவது எபிசோடு நன்றாகக் காட்டுகிறது. ஸ்டோரிப்ரூக்கில் ஆஷ்லி என்ற 19 வயதுப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. அவள்தான் சிண்டரெல்லா. சாபம் விழுந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை 28 வருடமாக வயிற்றிலேயே இருக்கிறது. அவளுக்கோ நாள் போனதே தெரியவில்லை. எம்மா ஊருக்குள் வந்து, இரவு தங்குவது என்று முடிவெடுத்த பிறகுதான் கடிகார முள் நகர்கிறது, அதன்பின் குழந்தை பிறக்கிறது. இதில் ஹென்றி மட்டும் விதிவிலக்கு. அவன் வெளியுலகில் பிறந்து, கைக்குழந்தையாக இந்த ஊருக்குத் தத்து வந்தவன். அவன் மட்டும் வளர்கிறான். கூடப் படித்தவர்கள் அப்படியே இருக்க, தான் மட்டும் அடுத்தடுத்த வகுப்புக்குப் போவதைப் பார்க்கிற பையனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

யாருக்கு நினைவிருக்கிறது என்பதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேயர் ரெஜினாவாக வாழும் ராணிக்கு எல்லாம் தெரியும். ஹென்றி தன் கதைப் புத்தகத்திலிருந்து ஊகித்துச் சரியாகச் சொல்கிறான், ஆனால் நேரில் பார்த்தவன் இல்லை. 17ஆவது எபிசோடில் வரும் தொப்பிக்காரன் ஜெஃபர்சனுக்கு இரண்டு வாழ்க்கையும் ஒருசேர நினைவிருக்கிறது, அதுவே அவனுக்குத் தண்டனை. சீசனின் நடுவில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் ஆகஸ்ட் சாபத்துக்கு வெளியே வளர்ந்தவன். அடகுக்கடை வைத்திருக்கும் மிஸ்டர் கோல்டுக்கு நினைவிருக்கிறதா என்பதுதான் சீசனின் முதல் பாதி நம்மோடு ஆடும் ஆட்டம்.

இரண்டு தடம் எப்படிப் பின்னப்படுகிறது?

அநேகமாக ஒவ்வொரு எபிசோடிலும் இரண்டு கதை ஓடும். ஒன்று ஸ்டோரிப்ரூக்கில், நேர்க்கோட்டில், நாள் மாறி நாளாக நகரும். இன்னொன்று மந்திரக் காட்டில், எந்த வருடத்திலிருந்து வேண்டுமானாலும் வரும். இரண்டையும் கோக்கும் ஊசி பெரும்பாலும் ஒரு பொருள், ஒரு வாக்கு, அல்லது ஒரு குணம். எபிசோடு பார்க்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பழைய கதையை இன்றைக்கு ஏன் சொல்கிறார்கள்?

‘தயவுசெய்து’ என்ற ஒரே சொல்லால் கோத்திருக்கும் இரண்டாவது எபிசோடைப் பாருங்கள். மந்திரக் காட்டில், சாபத்தின் சூத்திரத்தைக் கேட்டு ராணி சிறைக்குப் போகிறாள். அங்கே அடைபட்டிருக்கும் மந்திரவாதி ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் (ஸ்டோரிப்ரூக்கில் இவன்தான் மிஸ்டர் கோல்டு) பேரம் பேசுகிறான்: போகிற புது ஊரில் எனக்கு வசதியான வாழ்க்கை வேண்டும், நான் ‘தயவுசெய்து’ என்று சேர்த்து எதைச் சொன்னாலும் நீ செய்ய வேண்டும். அவள் அலட்சியமாக ஒத்துக்கொள்கிறாள். அங்கே போனபின் உனக்கு எதுவும் நினைவிருக்காதே என்பது அவள் தைரியம். எபிசோடின் கடைசியில், ஸ்டோரிப்ரூக்கில் ரெஜினாவின் ஆப்பிள் மரத்தடியில் கோல்டும் அவளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவரைப் போகவிடாமல் குறுக்கே நின்று கேள்வி கேட்கிறாள். அவர் வழிவிடச் சொல்கிறார், கூடவே மெதுவாக ‘தயவுசெய்து’ என்கிறார். அவள் கால் தன்னால் ஒதுங்குகிறது. அவள் முகம் மாறுவதை கேமரா பிடிக்கிறது. ஃப்ளாஷ்பேக்கைக் கவனிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது வெறும் மரியாதைச் சொல். கவனித்தவருக்கு இவர் நினைவோடுதான் இருக்கிறார் என்ற சந்தேகம் பிறந்துவிடும்.

அந்தச் சந்தேகம் உறுதியாவது பத்து எபிசோடு கழித்து, 12ஆவது எபிசோடான ‘ஸ்கின் டீப்’பில். ஜேன் எஸ்பென்சன் எழுதிய இந்த எபிசோடு 2012 பிப்ரவரி 12 அன்று, காதலர் தினத்தை ஒட்டி வந்தது. சீசனிலேயே கட்டுமானம் மிக நேர்த்தியான எபிசோடு இதுதான் என்பது எங்கள் கட்சி. இங்கே ஊசியாக வருவது ஒரு தேநீர்க் கோப்பை.

மந்திரக் காட்டில் பெல் என்ற பெண், தன் நாட்டைப் போரிலிருந்து காப்பாற்றுவதற்கு விலையாக ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின்னின் கோட்டைக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். முதல் நாளே பயத்தில் ஒரு கோப்பையைக் கீழே போட்டுவிடுகிறாள். விளிம்பில் ஒரு சில்லு பெயர்கிறது. கோப்பைதானே என்று அவன் விட்டுவிடுகிறான். மெல்ல அன்பு வளர்கிறது. உண்மைக் காதலின் முத்தம் எந்தச் சாபத்தையும் உடைக்கும் என்று ராணி சொல்லிக்கொடுக்க, பெல் அவனை முத்தமிடுகிறாள். அவன் முகத்தின் செதில்கள் மறையத் தொடங்குகின்றன. அப்போது அவன் பயந்துவிடுகிறான். சாபம் போனால் சக்தியும் போய்விடுமே. இது ராணியின் சதி என்று கத்தி அவளைத் துரத்திவிடுகிறான். ஆத்திரத்தில் அலமாரியில் இருப்பதையெல்லாம் போட்டு உடைக்கிறவன், அந்தச் சில்லுபோன கோப்பையைக் கையில் எடுத்ததும் நின்றுவிடுகிறான்.

ஸ்டோரிப்ரூக்கில், கடன் பாக்கிக்காக கோல்டிடம் வண்டியைப் பறிகொடுத்த பூக்கடைக்காரர் அவர் வீட்டில் திருடிவிடுகிறார். போன பொருள் எல்லாம் திரும்பக் கிடைத்தும் கோல்டுக்கு ஒன்று குறைகிறது. அந்த ஆளைக் காட்டுக் குடிசைக்கு இழுத்துப்போய்க் கைத்தடியால் அடித்துத் துவைக்கிறார். அடிக்கும்போது வாயிலிருந்து வருவது திருட்டைப் பற்றிய பேச்சல்ல, ஒரு பெண்ணைப் பற்றியது. ஏனென்றால் அந்தப் பூக்கடைக்காரர்தான் பெல்லின் அப்பா. எம்மா வந்து கோல்டைக் கைது செய்கிறாள். லாக்கப்புக்கு ரெஜினா வருகிறாள், கையில் கோப்பை. உன் உண்மையான பெயரைச் சொன்னால் தருகிறேன் என்கிறாள். கம்பிக்குப் பின்னால் இருந்து அவர் சொல்கிறார்: ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின். தன் பெயரைப் பிறர் கண்டுபிடிப்பதால் தோற்றுப்போவதுதான் கிரிம் சகோதரர்கள் தொகுத்த பழைய கதையில் அவன் விதி. இங்கே அந்தப் பெயரை ஒரு உடைந்த கோப்பைக்காக அவனே விற்கிறான்.

இந்த எபிசோடிலிருந்து ஃப்ளாஷ்பேக்கை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு கந்துவட்டிக்காரரின் அடிதடி வழக்கு. ஸ்டோரிப்ரூக் பகுதியை வெட்டினால் மிச்சம் ஒரு சோகக் காதல் கதை. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் எபிசோடு இருக்கிறது.

கால வரிசை ஏன் கலைந்திருக்கிறது?

முதல் சீசனின் பழைய கதைகளை நடந்த வரிசையில் அடுக்கினால் இப்படி வரும். எல்லாவற்றுக்கும் முந்தியது 8ஆவது எபிசோடு: கோழை என்று பெயரெடுத்த ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின், மகனைப் போருக்கு அனுப்பாமல் காப்பாற்றுவதற்காக இருண்ட சக்தியை ஏற்கிறான். அதன் தொடர்ச்சி 19இல்: அதே மகனை இழக்கிறான். நீண்ட காலம் கழித்து 18: இளம் ரெஜினா, அவள் காதலித்த குதிரை லாயப் பையன் டேனியல். பிறகு 11இல் ஸ்னோவின் தந்தை கொல்லப்படுகிறார். 7இல் அவளைக் கொல்ல வேட்டைக்காரன் அனுப்பப்படுகிறான். 15இல் ஓடி ஒளிந்து திரியும் ஸ்னோவுக்கு ரெட் என்ற சிவப்பு முக்காட்டுப் பெண் தோழியாகக் கிடைக்கிறாள். 6இல் ஆடு மேய்ப்பவன் ஒருவன் இறந்துபோன இரட்டைச் சகோதரனின் இடத்தில் இளவரசனாக நடிக்க வைக்கப்படுகிறான். அது முடிகிற இடத்தில் 3 தொடங்குகிறது: அவனும் ஸ்னோவும் சந்திக்கிறார்கள். பிறகு 10, 16, 21, 22. அதற்கப்புறம்தான் முதல் எபிசோடின் கல்யாணம்.

இதை அப்படியே வரிசையாகக் காட்டியிருந்தால் தொடர் செத்திருக்கும். 18ஐ எடுத்துக்கொள்வோம். டேனியலோடு ஓடிப்போகத் திட்டமிட்ட ரெஜினாவின் ரகசியத்தைச் சிறுமி ஸ்னோ, நல்லது செய்வதாக நினைத்து, ரெஜினாவின் தாய் கோராவிடம் உளறிவிடுகிறாள். கோரா மகளின் கண் முன்னாலேயே டேனியலின் இதயத்தைப் பிடுங்கி நசுக்குகிறாள். இதை முதலிலேயே காட்டியிருந்தால் ரெஜினா மேல் நமக்குப் பரிதாபம் வந்திருக்கும், வில்லியே இல்லாமல் போயிருக்கும். 17 எபிசோடு அவளை வெறுக்கவிட்டு, பிறகு காரணத்தைச் சொல்கிறார்கள். வெறுப்பு போவதில்லை, ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ரெஜினாவாக நடிக்கும் லானா பரீல்யா இரண்டையும் ஒரே முகத்தில் தாங்குகிறார்.

நடந்த ஒன்றையே மறுபடி வேறு கோணத்தில் காட்டும் தந்திரமும் உண்டு. முதல் எபிசோடில், சாபத்திலிருந்து தப்பிக்க ஒரு மந்திர அலமாரி செய்கிறார்கள். அதில் ஒருவர்தான் போக முடியும் என்று நீலத் தேவதை சொல்கிறாள். வேறு வழியின்றிப் பிறந்த குழந்தையைத் தனியாக அனுப்புகிறார்கள், எம்மா அநாதையாக வளர்கிறாள். 20ஆவது எபிசோடில் தெரியவருகிறது: அலமாரியில் இரண்டு பேர் போகலாம். அலமாரி செய்த தச்சர் ஜெப்பெட்டோ, தன் மகன் பினோக்கியோவைக் காப்பாற்றுவதற்காக அந்த இரண்டாவது இடத்தை மறைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்னோ தன் மகளோடு போயிருக்கலாம். 28 வருடப் பிரிவுக்கு ராணி மட்டும் காரணமில்லை, ஒரு நல்ல அப்பாவின் பொய்யும் காரணம். அந்த மகன்தான் ஆகஸ்ட்.

பெயர்களில் ஒளிந்திருக்கும் விடைகள்

யார் யார் என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. ரெஜினா என்றால் லத்தீனில் ராணி. மேரி மார்கரெட் பிளான்சர்டு என்ற பெயரில் பிரெஞ்சு மொழியின் வெள்ளை இருக்கிறது, அவள் ஸ்னோ ஒயிட். ரூபி என்றால் சிவப்புக் கல், அவள் சிவப்பு முக்காட்டுப் பெண். வைக்கோலைத் தங்கமாக நூற்றவன் மிஸ்டர் கோல்டு. சிண்டரெல்லாவின் அடுப்புச் சாம்பல் ஆஷ்லி என்ற பெயரில் படிந்திருக்கிறது. பத்திரிகைக்காரர் சிட்னி கிளாஸ் மாயக் கண்ணாடி. தத்திக் குதிக்கும் பூச்சி ஜிமினி கிரிக்கெட், மனநல ஆலோசகர் ஆர்ச்சி ஹாப்பர் ஆகிவிட்டது.

மந்திரக் காட்டில் குள்ளர்களுக்குக் கிரம்பி, டாக் என்றெல்லாம் பெயர் இருப்பது சும்மா இல்லை. கிரிம் தொகுத்த கதையில் ஏழு குள்ளர்களுக்கும் பெயரே கிடையாது. அந்தப் பெயர்கள் 1937இல் வந்த டிஸ்னி படத்தின் சொத்து. ஏபிசி டிஸ்னியின் சேனல் என்பதால் தயக்கமில்லாமல் எடுத்துப் புழங்க முடிந்தது. ஜிமினியும் அப்படித்தான். இத்தாலிய மூலக் கதையில் பெயரில்லாத அந்தப் பூச்சியைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்தே கொன்றுவிடுவான். போகிற போக்கில் ஒன்று: இந்தத் தொடரில் குள்ளர்கள் முட்டையிலிருந்து பொரிந்து வருகிறார்கள், ஆரம்பத்தில் எட்டாவதாக ஒருவரும் இருந்தார்.

ஸ்டோரிப்ரூக் நிஜம்போலவும் அரண்மனை பொய்போலவும் தெரிவது ஏன்?

தெருக்காட்சிகளை எடுத்தது கனடாவில், வான்கூவருக்குப் பக்கத்தில் ரிச்மண்டு நகரத்தைச் சேர்ந்த ஸ்டீவ்ஸ்டன் என்ற மீன்பிடி ஊரில். உண்மையான கடைகளின் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டுப் படம்பிடித்தார்கள். கோல்டின் அடகுக்கடையாக வருவது அங்கே உள்ள ஒரு பரிசுப்பொருள் கடை. மந்திரக் காட்டில் மரங்கள் நிஜம், அரண்மனை உள்ளறைகளில் பல பச்சைத் திரையின் முன் நடித்து, ஜோயிக் ஸ்டுடியோஸ் கணினியில் கட்டிச் சேர்த்தவை. வாரம் ஒரு எபிசோடு ஓட்டும் தொடருக்கு ஒவ்வொரு அரண்மனையையும் மரத்தில் அடித்து எழுப்ப நேரமும் பணமும் இருக்காது. அதனால் சில இடங்களில் முகத்தில் விழும் வெளிச்சம் பின்னணியோடு ஒட்டாது, தலைமுடியின் ஓரம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். இதை மன்னிக்க முடியாதவர்களுக்கு இந்தத் தொடர் சரிப்படாது.

பார்க்கும்போது எங்கே சறுக்கும்?

முதல் தவறு, கால வரிசைப்படி அடுக்கிப் பார்க்க நினைப்பது. இணையத்தில் அப்படிப் பட்டியல்கள் கிடைக்கும். ஒருமுறை முழுசாகப் பார்த்து முடித்தவர்களுக்கு அது நல்ல விளையாட்டு, புதியவர்களுக்கு விஷம். 18ஐயும் 20ஐயும் முதலில் பார்த்தால் சீசன் ஊசி குத்திய பலூன்.

இரண்டாவது, எபிசோடைத் தாண்டுவது. 9 (ஹான்சல், கிரெட்டல்) தனிக்கதை மாதிரித்தான் இருக்கும். 14 (குள்ளனின் காதல்) கொஞ்சம் இழுவை. 13 முதல் 18 வரை டேவிட்டின் (ஸ்டோரிப்ரூக்கில் இளவரசனின் பெயர்) மனைவி கேத்ரின் காணாமல் போகும் மர்மமும் தேவைக்கு மேல் நீள்கிறது. 22 என்ற எண்ணிக்கையை நிரப்பப் போட்ட சோளப்பொரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 9, 14 இரண்டையும் விடலாம். 7, 8, 10, 12, 15, 18, 20 ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். 10இல் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் ஸ்னோவின் ஒற்றை முடியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அற்ப விஷயம்போல வந்து போகும். ஆனால் அந்த முடியோடு இளவரசனின் முடியைச் சேர்த்து அவன் காய்ச்சும் உண்மைக் காதல் மருந்துதான், 22இல் நூலகத்துக்கு அடியில் டிராகனாகக் கிடக்கும் சூனியக்காரி மலெஃபிசென்டின் வயிற்றுக்குள் தங்க முட்டையாக இருக்கிறது.

மூன்றாவது, சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் கதையை நம்பிப் போவது. ரெட் கதையில் ஓநாயை வெளியே தேடிக்கொண்டிருந்தால் 15இல் ஏமாறுவீர்கள்.

இன்னொன்று, ‘ஃப்ரோசன்’ எல்சா வருகிறாளாமே என்று நேராக நான்காவது சீசனில் குதிப்பது. மூன்றாவது சீசனிலிருந்து கட்டுமானமே மாறிவிட்டது. ஒரு சீசனை இரண்டு பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் தனி வில்லன், தனி உலகம் என்று ஆக்கினார்கள்: மூன்றாவதில் முதலில் நெவர்லேண்டு, பிறகு ஓஸ் நாட்டுச் சூனியக்காரி. நான்காவதின் முதல் பாதி எல்சாவுடையது. ஐந்தாவதில் கேமலாட், பிறகு பாதாளம். வேகம் கூடியது, ஆனால் பழைய காலத்துக்குள் புதுப்புது ஆட்களையும் சந்திப்புகளையும் திணித்துத் திணித்து, மந்திரக் காட்டின் நாட்காட்டி தீபாவளி நேரத்து டவுன்பஸ் மாதிரி ஆகிவிட்டது. முதல் சீசனில் அந்த நெரிசல் இல்லை. எந்த ஃப்ளாஷ்பேக்குக்கும் கால் வைக்க இடம் இருக்கிறது.

ஒரு உட்காரலில் இரண்டு எபிசோடு என்பது நல்ல அளவு. வாரம் ஒன்று பார்ப்பவருக்காக எழுதியது என்பதால் நான்கைந்தைத் தொடர்ந்து பார்த்தால், மந்திரத்துக்கு விலை உண்டு என்ற வசனம் காதில் ரீங்கரிக்க ஆரம்பித்துவிடும். தலைப்பு அட்டையைத் தாண்டிவிடாதீர்கள். காட்டின் நடுவே தொடரின் பெயர் வரும், அதன் அடியில் எபிசோடுக்கு எபிசோடு வேறு உருவம் தெரியும். அன்றைக்கு யாருடைய கதை என்பதற்கு முதல் துப்பு அது.

முடிவு வரை வந்துவிட்டீர்கள் என்றால், எம்மாவுக்காகச் சுட்ட ஆப்பிள் பண்டத்தை ஹென்றி தின்று விழுவதையும், அவன் புத்தகத்தைத் தொட்டவுடன் எம்மாவுக்கு எல்லாம் தெரிவதையும், தாய் மகனின் நெற்றியில் வைக்கும் முத்தத்தில் சாபம் உடைவதையும், கோல்டு அந்த மருந்தைக் கிணற்றில் போட ஊதாப் புகை ஊரை மூடுவதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது சீசனைத் தொடங்குமுன் முதல் எபிசோடுக்குத் திரும்பி ஒரே ஒரு காட்சியைப் போட்டுப் பாருங்கள். பாட்டியின் விடுதியில் எம்மா அறை எடுக்கிறாள். வாடகை வசூலிக்க வந்த கோல்டு அவள் பெயரைக் கேட்கிறார். அதே எபிசோடில், சிறைக்கம்பிக்குப் பின்னால் இருந்தபடி, சொன்ன ரகசியத்துக்குக் கூலியாக ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் ஸ்னோவிடம் வாங்கிய பெயர் அது. “எம்மா... என்ன அழகான பெயர்” என்று சொல்லும்போது, கோல்டாக நடிக்கும் ராபர்ட் கார்லைலின் கண்ணைப் பாருங்கள். முதல் தடவை பார்த்தபோது அது வீட்டுக்காரர் பேசும் உபசார வார்த்தையாகத்தான் தெரிந்திருக்கும்.